சனிக்கிழமை அத்தானை நூலகத்துக்கு அனுப்பாதே

என்றும் என் அன்புக்கும், சின்ன வயதிலிருந்து என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, எங்களைச் சகித்துக்கொண்டிருக்கும் பூனை மூவரும் நலம். அங்கே நீ நலமா? உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் நலமா? அத்தானை எப்போதும் மரியாதைக்கு விசாரிப்பேன், இந்த முறை உள்நோக்கத்தோடு விசாரிக்கிறேன். வருகிற சனிக்கிழமை அவருக்கு லேசாக ஜலதோஷம் பிடிக்க ஏதாவது வாய்ப்பு உண்டா? பெரிதாக வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்பாத அளவுக்கு இருந்தால் போதும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கடா என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேஜையைத் துடைப்பாய். நான் "அக்கா" என்று வாயைத் திறந்ததும் பின்னாலிருந்து அத்தான் "என்னவாம்?" என்பார். அதனால்தான் இது கூரியரில், உன் பள்ளிக்கூட முகவரிக்கு, தலைமை ஆசிரியையின் நேரடிப் பார்வைக்கு என்று வருகிறது. கூடவே என் கரடிப் புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறேன். அது வெளிவந்து மூன்று மாதமாகிறது. பிரதிகள் தீர்ந்துவிட்டன, அடுத்த அச்சில் உனக்கு முதல் பிரதி என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். என் கட்டிலுக்கடியில் நாற்பது பிரதி கிடக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நீ உட்கார்ந்து படி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லையே?

முதலில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறேன், ஆனால் எனக்கு மிருகம் வரைய வராது. கற்பனையில் ஒரு முயல் வரையச் சொன்னால் சோப்புப் பெட்டிக்குக் காது முளைத்த மாதிரி வரும். அதனால் ஒவ்வொரு மிருகத்துக்கும் எனக்குத் தெரிந்த ஒரு மனிதரை மனசில் உட்காரவைத்து, அவர் நிற்கிற நிலை, கழுத்தைத் திருப்புகிற விதம் எல்லாவற்றையும் எடுத்து மேலே ரோமத்தை ஒட்டிவிடுவேன். பல் டாக்டர் முதலையானார். மாடி வீட்டுக்காரர் ஒட்டகச்சிவிங்கியானார். அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, பேரனுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கரடிப் புத்தகம் வரும்வரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. ஏனென்றால் அதுவரை நான் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

போகச் சொன்னது பதிப்பாசிரியர் அம்மா. "வெறும் படம் போட்டு அனுப்பிச்சா மட்டும் பத்தாது சார், நீங்க லைப்ரரி லைப்ரரியா போய்க் குழந்தைகளைப் பார்க்கணும்" என்றார். குழந்தைகளைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர்கள் என்னைப் பார்ப்பதில்தான். கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். என் மனைவி கிளிப் படம் போட்ட ஒரு சட்டை வாங்கி வந்தாள். முதல் நூலகத்தில் காலெடுத்து வைத்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை, "மேஜிக் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டது. நான் ஓவியர் என்றேன். "அப்ப மேஜிக் இல்லையா?" என்று அழ ஆரம்பித்தது. அக்கா, ஒரு கரடி வரைய எனக்குப் பத்தொன்பது நாள் ஆகும். பாதி நேரம் அழிப்பேன், மீதி நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். அங்கே என் கையில் ஒரு தடித்த மார்க்கரைக் கொடுத்து, ஆளுயர வெள்ளைப் பலகையைக் காட்டி, அறுபது குழந்தைகள் ஒரே குரலில் "கரடி! கரடி!" என்கிறார்கள். ஒரு வட்டம் போட்டேன். "உருளைக்கிழங்கு" என்றான் ஒருவன். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டேன். "ரெண்டு உருளைக்கிழங்கு." ஆறு வயசுப் பெண் ஒன்று எழுந்து வந்து, என் சட்டைக் கிளியைப் பிடித்து இழுத்து, "அங்கிள், காது மேல வரணும், கழுத்துல இல்ல" என்றது. அதுவே மார்க்கரை வாங்கி நாலே கோட்டில் ஒரு கரடி போட்டது. நல்ல கரடி. என் கரடியை விட நல்ல கரடி. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கடைசியில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது, அந்தப் பெண்ணிடம். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன், என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

சரி, திருஷ்டி கழிந்தது என்று நினைத்தால், அடுத்து ஒரு குடியிருப்போர் சங்கத்து ஆண்டு விழா. 'ஓவியர் வருகிறார்' என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் வரைகிற ஓவியர் என்று எடுத்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்தால் ஒரு ஸ்டூல், ஒரு வாளித் தண்ணீர், முப்பது குழந்தைகள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். இல்லை என்று சொல்ல வாய் வருமா எனக்கு? வந்திருந்தால் நான் வாழ்க்கையில் எங்கேயோ போயிருப்பேனே! பையில் இருந்த வாட்டர் கலரை எடுத்துப் பதினேழு புலி போட்டேன். வெயிலில் பதினேழு புலியும் கரைந்து கழுத்து வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கிவிட்டன. அம்மாமார்கள் என்னைப் பார்த்த பார்வையைத் தனியாக ஒரு கடிதத்தில்தான் எழுத வேண்டும். சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று சங்கத்துச் செயலாளரே ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு புலி போடுங்க சார்" என்றார். எனக்குத்தான் வியாதி இருக்கிறதே, முகத்தைப் பார்த்தால் மிருகம் தெரிந்துவிடும். அவர் முகத்தில் தாடியோடு ஒரு வெள்ளாடு தெரிந்தது. கை தானாக ஆட்டைப் போட்டுவிட்டது. செத்தோம் என்று கண்ணாடியை நீட்டினேன். மனிதர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "புலி பிரமாதம்!" என்று மீசையைத் தடவிக்கொண்டு மேடையேறிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் அந்த முகத்தோடு நன்றியுரை சொன்னார். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

மூன்றாவது ஒரு கிளை நூலகம். மழை. கூட்டம் என்று பார்த்தால் ஒரே ஒரு பெரியவர், பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நூலகப் பணியாளர், "வந்தவரை ஏமாத்த வேணாம் சார், ஆரம்பிச்சிருங்க" என்றார். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு முழுப் புத்தகத்தையும் அவருக்கே வாசித்தேன். கதை உனக்குத் தெரியாதே, சொல்கிறேன். காட்டில் ஒரு நூலகம், அதில் ஒரே ஒரு நல்ல நாற்காலி. கரடி "ஒரு பக்கம் மட்டும் படிச்சிட்டு எழுந்துடறேன்" என்று உட்கார்ந்து, பேப்பரை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிவிடும். முயல், ஆமை, குரங்கு எல்லாம் மாற்றி மாற்றி எழுப்பியும் எழுந்திருக்காது. பதினாலாம் பக்கத்தில் சிங்கம் வரும். கர்ஜனை கிடையாது. வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கும், "யார் முதல்ல ஆரம்பிச்சது?" அவ்வளவுதான், கரடி எழுந்துவிடும், குரங்கு கீழே இறங்கிவிடும், எல்லாரும் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பிடரியை வரைய மட்டும் எனக்கு நாலு நாள் பிடித்தது. குரலை மாற்றி மாற்றி, கரடிக்குக் குறட்டை கூட விட்டு, முக்கால் மணி நேரம் வாசித்து முடித்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா தம்பி? அப்ப கொஞ்சம் எழுந்திருங்க. அது நான் தினம் உக்கார்ற நாற்காலி" என்றார்.

இதெல்லாம் போகட்டும். இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். நான்காவதாக நான் போனது உன் ஊர் நூலகம், உன் வீட்டிலிருந்து நாலு தெரு. போன மாதம். ஆமாம், உன் ஊருக்கு வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை. திட்டுவதை மொத்தமாகக் கடைசியில் திட்டு. அங்கே முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், கரடி தூங்கும் ஏழாம் பக்கத்தைத் திறந்ததும் எழுந்து நின்று, "இது எங்க தெரு மாமா! மாடிப்படி வச்ச பச்சை வீட்டு மாமா!" என்றது. நான் சட்டென்று எட்டாம் பக்கத்தைப் புரட்டினேன். நூலகர் அம்மா எட்டிப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார், என் கையைப் பிடித்து ஜன்னலோர நாற்காலியிடம் கூட்டிக்கொண்டு போனார். "சார், தினம் பத்தரைக்கு வருவார். பதினொண்ணுக்குப் பேப்பர் நெஞ்சுல விழும். பன்னெண்டு மணிக்கு நான் மேஜையைத் தட்டினா எழுந்து, 'தலையங்கம் சுமார்தான்'னு சொல்லிட்டுப் போவார். அப்படியே வரைஞ்சிருக்கீங்களே, அவரை உங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் அக்கா. கரடி அத்தான்தான்.

அது கேலி இல்லை, சத்தியமாக. கட்டட வரைபடம் போடுகிற கம்பெனி மூடி, நான் வேலை போய் உன் வீட்டில் எட்டு மாதம் இருந்தேனே, அப்போது வரைந்த படங்களிலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் நாற்காலியில் தூங்கும்போதுதான் வரைவேன், முழித்துக்கொண்டால் கேள்வி கேட்பாரே! அவர் அப்போது எடை அளவு ஆய்வாளர், ஊரில் எந்தக் கடையில் தராசு சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிப்பவர். என்னையும் அப்படித்தான் நிறுத்துப் பார்த்தார். "படம் போடறது இருக்கட்டும். வேலைன்னு என்ன பண்றே?" அன்றைக்குக் கேட்டார், என் கல்யாணத்தில் கேட்டார், என் ஐம்பதாவது பிறந்த நாளுக்குப் போனில் கூப்பிட்டும் அதையேதான் கேட்டார். ஆனால் அக்கா, அந்த எட்டு மாதத்தில் "எப்ப கிளம்பறே?" என்று ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. ஆபீஸில் ரத்தான ஆய்வுப் படிவங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் படிவங்களின் பின்பக்கத்தில்தான் அவரையே வரைந்தேன்.

இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? நூலகர் அம்மாவுக்கு ஒரே உற்சாகம். "ஆண்டு விழாவுக்கு அவரையே தலைமை தாங்கக் கூப்பிடலாம் சார்! மேடையில கரடி கட்-அவுட், பக்கத்துல நிஜக் கரடி!" என்றார். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மச்சினன் உறவை நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. பத்து நாள் கழித்து அழைப்பிதழ் வருகிறது, என் பெயருக்கு மேலே அத்தான் பெயர். திங்கட்கிழமை நீ போன் பண்ணி, "அவர் வெள்ளைச் சட்டையை அயர்னுக்குக் குடுத்திருக்கார்டா. உன் விழாவுக்கு வர்றார். பேசறதுக்குக் குறிப்பெல்லாம் எடுக்கிறார்" என்று சொன்னாய். இருபத்திரண்டு வருடத்தில் நான் வரைந்த ஒன்றைப் பார்க்க அவர் கிளம்புவது இதுதான் முதல் தடவை. வந்து, மேடையேறி, ஆறடிக்கு வாயைப் பிளந்து தூங்கும் தன்னையே பார்க்கப்போகிறார். அதைச் சுற்றி நூறு குழந்தைகள் சிரிக்கப்போகிறார்கள்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த வயதில் ஒருத்தர் வாயால் "நல்லா இருக்குடா" என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஏங்குவது வெட்கக்கேடுதான். ஆனாலும் ஏங்குகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது! சனிக்கிழமைக்கு அப்புறம் அந்த வார்த்தை இந்த ஜன்மத்தில் கிடையாது. அதனால் உன் காலில் விழுந்து கேட்கிறேன், அவரைத் தடுத்துவிடு. மூக்குக் கண்ணாடியை ஒளித்து வை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கரடியும் தெரியாது, கதவும் தெரியாது. அல்லது உன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடு. அதுவும் முடியாவிட்டால் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு: கரடி பலசாலி, நேர்மையானது, அடுத்தவர் பொருளைத் தொடாது என்று ஆரம்பித்து மெதுவாக நாற்காலிக்கு வா. கரடிக்கு ஒரு தொப்பி வைத்து அடையாளத்தை மாற்றலாமா என்று பதிப்பாசிரியர் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "கட்-அவுட் வண்டியில ஏத்தியாச்சு சார்" என்று போனை வைத்துவிட்டார்.

எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். வேண்டாம், சொல்லாதே, எதற்கு இப்போது திடீரென்று வணக்கம் என்று சந்தேகப்படுவார். உன் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன். நீ நூறு வயசு இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
(கிளிச் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டவன்)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நூலகர் அம்மா போன் பண்ணினார். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை, இதையே அனுப்புகிறேன். ஆனால் மேலே எழுதியது எல்லாம் ரத்து.

கட்-அவுட் இரண்டு வந்திருக்கிறது, கரடி ஒன்று, சிங்கம் ஒன்று. இன்று காலை பத்தரைக்கு அத்தான் வழக்கம்போல வந்திருக்கிறார். சிங்கத்துக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தானாம், நாற்காலிப் பக்கமே போகவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து உயரம் அளந்து, "என்னை விட ரெண்டு அங்குலம் கம்மி. ஆனா பார்வை என் பார்வையேதான். என் மச்சினன் வரைஞ்சது" என்றாராம். நூலகர் அம்மா பயந்துகொண்டே கரடியைக் காட்டி, "அப்ப இது யாரு சார்?" என்று கேட்டிருக்கிறார். "இதுகூடத் தெரியலையா? அவனேதாம்மா. எட்டு மாசம் எங்க வீட்டு நாற்காலியில இப்படித்தான் கிடந்தான்" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் திரும்பி நின்று, "படம் வரையறது அவன் வேலை. லேசுப்பட்ட வேலை இல்லை" என்றாராம். 'வேலை' என்றா சொன்னார் என்று நான் நூலகர் அம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அப்படித்தான் சொன்னார். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, பல் விழுந்த அந்தப் பெண்ணும் "ஆமா, இந்த அங்கிள்தான் கரடி" என்று கட்சி மாறிவிட்டதாம்.

போய்க் கண்ணாடியில் பார்த்தேன், அக்கா. சந்தேகமே இல்லை. பழைய படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவர் கை பேப்பருக்கு அடியில் இருந்ததால் கரடியின் கையை என் கையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன், தொப்பையை இந்த இருபத்திரண்டு வருடத்தில் நானே வளர்த்துக்கொண்டேன்.

ஆகவே ஜலதோஷம் வேண்டாம். கண்ணாடியைத் துடைத்து அவர் கையிலேயே கொடு. வெள்ளைச் சட்டையைப் போட்டு நேரத்தோடு அனுப்பு, நீயும் வா. மேடையில் நான் என் கரடிக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், வேண்டுமானால் ஒரு குறட்டையும் விடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். பதினாலாம் பக்கத்தைத் திற. இடுப்பில் கை வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார். தலைக்குக் குளித்துவிட்டுக் காயவைத்த அந்த முடியைப் பார். நம் வீட்டில் "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்ட ஆள் ஒருத்திதான். அத்தானிடம் சொல்லாதே, அவர் அளந்தெல்லாம் பார்த்துவிட்டார், பாவம். சனிக்கிழமை அவர் சிங்கத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளும்போது நீயும் கூப்பிடாமலே போய், இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நின்றுகொள்.